ஒரு மாணவர் போதும்

கல்வி நிலையம் ஒன்றில் ஒரு பாடத்திற்கு ஆசிரியரை அமர்த்துவதென்றால் முதலில் எழும் கேள்வி, “இதற்கு மாணவர் எத்தனை பேர் வருவர்?” என்பதாகவே இருக்கிறது. மதரஸாவின் நிர்வாக சபையிலும் இதே கேள்விதான். பல்கலைக் கழகத்தின் ஆட்சிக் குழுவிலும் இதே கேள்விதான். கேட்பவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பொதுப் பணத்திற்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அவர்கள். எனினும், இக்கேள்வி ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் கல்வி எங்கே போய் நிற்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டியவர்களாக இருக்கின்றோம். அதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டை, நமக்கு மிகத் தொலைவாகத் தோன்றும் ஒரு துறையில் நாம் கண்டோம். பல்கலைக் கழகத்தில் தற்கால ஜப்பானிய இலக்கியத்தைப் போதிக்கும் ஆசிரியப் பதவியே அது.

அரபியும் தமிழும் ஓதியவருக்கு ஜப்பானிய இலக்கியத்தில் என்ன வேலை என்று வாசக நேயர்கள் கேட்கக்கூடும். சீன தேசம் சென்றேனும் கல்வி தேட வேண்டும் என்னும் கருத்துள்ள வாக்கு நம் மேடைகளில் அடிக்கடி ஒலிப்பதுண்டு. அதன் ஸனது பலவீனமானது என்று ஹதீஸ் கலை வல்லார் கூறியிருப்பதால் நாம் அதை ஆதாரமாகக் கொள்ளப் போவதில்லை. வேறொரு காரணம் இருக்கிறது. ஜப்பானியப் பேரறிஞர் தோஷிஹிக்கோ இஸுட்சு (1914 - 1993) திருக்குர்ஆனை அரபு மூலத்திலிருந்தே தம் தாய்மொழியில் பெயர்த்து, 1957, 1958 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டார். அன்னார் இஸ்லாத்தைத் தழுவியவர் அல்லர். ஆயினும், திருமறையின் சொற்களுக்குள் ஒன்றோடொன்று இருக்கும் பொருளுறவை அவர் ஆராய்ந்த முறையை முஸ்லிம் அறிஞர்களும் மதிக்கின்றனர்.

இந்த இஸுட்சு, டோக்கியோவிலுள்ள கெய்யோ பல்கலைக் கழகத்தில் முதலில் பொருளாதாரம் பயிலச் சேர்ந்தவர். அங்கே நிஷிவாக்கி ஜுன்சாபுரோ என்னும் பேராசிரியர் இருந்தார். தற்கால ஜப்பானியக் கவிதைக்குப் புது வழி காட்டிய கவிஞர் அவர். அவரிடம் பயில விரும்பியே இஸுட்சு இலக்கியத் துறைக்கு மாறினார். கவிஞர் ஒருவர் பல்கலைக் கழகத்தில் ஆசிரியராக இருந்ததன் பயன்களுள் ஒன்று, பல ஆண்டுகள் கழித்து ஜப்பானிய மொழியில் திருமறையின் மொழிபெயர்ப்பாகக் கனிந்தது எனலாம். ஓர் ஆசிரியப் பதவியின் விதை எந்த மண்ணில் போய் முளைக்கும் என்பதை அதை ஏற்படுத்தியவர்கள் அறிவதில்லை.

இனி, தற்கால ஜப்பானிய இலக்கியம் என்பது யாது என்று சுருங்கப் பார்ப்போம். 1868ஆம் ஆண்டில் மெய்ஜி காலம் தொடங்கியபோது ஜப்பானில் எழுதும் மொழி வேறு, பேசும் மொழி வேறாக இருந்தது. கற்றவர் என்றால் சீனப் பழநூல்களைக் கற்றவர் என்றே பொருள். அந்நிலையில், பேச்சு மொழியை ஒட்டிய உரைநடையில் ஃபுத்தாபாத்தேய் ஷிமேய் என்பவர் 1887ஆம் ஆண்டில் ‘மிதக்கும் மேகம்’ என்னும் நாவலை வெளியிடத் தொடங்கினார். ஜப்பானின் முதல் தற்கால நாவல் என்று அதையே பலரும் குறிப்பிடுவர். இவ்வாறு பிறந்த புது இலக்கியத்திற்குப் பல்கலைக் கழகத்தில் அன்று இடமில்லை. அங்கே பழைய ஜப்பானிய நூல்களைப் போதித்தனர். சீன நூல்களைப் போதித்தனர். ஐரோப்பிய இலக்கியங்களைப் போதித்தனர். கண்ணெதிரே எழுதப்பட்டுக் கொண்டிருந்ததை மட்டும் கல்வி என்று எவரும் கருதவில்லை.

இந்த முரண்பாட்டின் நடுவே நின்றவர் நட்சுமே சோசெக்கி (1867 - 1916). இளமையில் சீன நூல்களில் திளைத்தவர்; பின்னர் ஆங்கில இலக்கியம் பயின்றார். 1900ஆம் ஆண்டில் அரசாங்கம் அவரை இலண்டனுக்கு அனுப்பியது. ஈராண்டுக் காலம் அங்கே வறுமையிலும் தனிமையிலும் வாழ்ந்து, கிடைத்த பணத்தையெல்லாம் நூல்கள் வாங்கவே செலவிட்டார். அங்கே அவரை வாட்டிய ஐயம் ஒன்றுண்டு. சீன நூல்களைக் கொண்டு இலக்கியம் என்றால் இன்னது என்று தாம் அறிந்திருந்ததும், ஆங்கிலத்தில் இலக்கியம் என வழங்குவதும் ஒன்றல்லவே என்பதுதான் அது. ஆங்கிலக் கவிதை ஒன்றை ஆங்கிலேயர் சிறந்தது என்கின்றனர். தமக்கு அவ்வாறு தோன்றவில்லை. எனில் யாருடைய தீர்ப்பைக் கொள்வது? பிறர் தீர்ப்பைக் கடன் வாங்காமல் தம் அறிவையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்னும் முடிவுக்கு வந்ததாக, 1914ஆம் ஆண்டில் மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவொன்றில் அவர் விளக்கியிருக்கிறார்.

வேற்று மொழி இலக்கியத்தை ஓதிக்கொடுக்கும் ஒவ்வொருவருக்கும் இந்த ஐயம் எழவே செய்யும். அரபுக் கவிதையில் பாலைவனத்தின் அழிந்த கூடாரச் சுவடுகளைக் கண்டு கவிஞன் கண்ணீர் விடுவதை, காவிரிக் கரையிலும் தாமிரபரணிக் கரையிலும் பிறந்த பிள்ளைகளுக்கு நாம் ஓதிக்கொடுக்கின்றோம். ‘இது சிறந்தது’ என்று சொல்லி மனனம் செய்விப்பது எளிது. அது ஏன் சிறந்தது என்பதை அவர்களே உணரும்படி செய்வதுதான் ஆசிரியத் தொழிலில் அரிது.

1903ஆம் ஆண்டில் தாயகத்தில் இருந்த சோசெக்கிக்கு டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக் கழகத்தில் ஆங்கில இலக்கிய விரிவுரையாளர் பதவி கிடைத்தது. அவருக்கு முன்பு அப்பதவியில் இருந்தவர் லாஃப்காடியோ ஹெர்ன். மேலை நாட்டில் பிறந்து ஜப்பானியக் குடிமகனாகவே மாறிவிட்டவர் அவர். மாணவர்களின் உள்ளம் கவர்ந்தவர். அவர் விலக்கப்பட்டதை எதிர்த்து மாணவர்கள் கிளர்ந்தெழுந்தனர். அந்த இருக்கையில் வந்து அமர்ந்த சோசெக்கியின் நிலையை நாம் ஊகித்துக் கொள்ளலாம். இலக்கியம் என்பது என்ன என்னும் அடிப்படைக் கேள்வியை அறிவியல் நூல் போல் பகுத்து அவர் போதித்த பாடம், கவிதை நயத்தில் தோய்ந்திருந்த மாணவர்களுக்குத் தொடக்கத்தில் கசந்தது.

அப்பதவியில் இருந்துகொண்டே 1905ஆம் ஆண்டில் ‘நான் ஒரு பூனை’ என்னும் கதையைப் பத்திரிகையில் எழுதத் தொடங்கினார். நாடே அதைப் படித்துச் சிரித்தது, சிந்திக்கவும் செய்தது. 1907ஆம் ஆண்டில் பல்கலைக் கழகப் பதவியைத் துறந்து, மாதம் 200 யென் ஊதியத்தில் ‘அசாஹி’ நாளேட்டில் நாவல் எழுதும் பணியை ஏற்றார். ஏகாதிபத்தியப் பல்கலைக் கழக ஆசிரியர் பத்திரிகைக்காரராவதா என்று பலர் வியந்தனர். பத்திரிகை ஒரு வாணிகம் என்றால் பல்கலைக் கழகமும் ஒரு வாணிகமே என்னும் கருத்தில் அவர் விடை பகர்ந்தார். பின்னர் 1911ஆம் ஆண்டில் அரசாங்கம் அளிக்க முன்வந்த முனைவர் பட்டத்தையும் வேண்டாமென்று மறுத்துவிட்டார்.

இதைப் படிக்கும்போது நமக்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் நினைவு எழுகிறது. ஹிஜ்ரி 488இல், அதாவது 1095ஆம் ஆண்டில், பக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவில் தாம் வகித்த பெரும் பதவியை விட்டு அவர்கள் வெளியேறினார்கள். இருவரையும் ஒரே தட்டில் வைக்க நாம் துணியமாட்டோம். இமாம் அவர்கள் நாடியது ஆன்மாவின் ஈடேற்றம். சோசெக்கி நாடியது எழுத்தாளனின் சுதந்திரமும் குடும்பத்திற்குப் போதிய ஊதியமும். ஆனால், பதவியை விட்டபின் போதிப்பதை இருவருமே விடவில்லை. கஸ்ஸாலி அவர்கள் பிற்காலத்தில் நைஸாபூரில் மீண்டும் ஓதிக்கொடுத்தார்கள். சோசெக்கியின் இல்லத்தில் வியாழக்கிழமைதோறும் இளைஞர்கள் கூடினர். நம் முன்னோர் பள்ளிவாசல் தூணருகே அமைத்த ஹலக்காவைப் போன்றதே அந்தக் கூட்டம். அதில் வந்து அமர்ந்த அக்குத்தாகாவா என்னும் இளைஞர் எழுதிய சிறுகதையைப் பாராட்டி 1916ஆம் ஆண்டில், தாம் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, சோசெக்கி கடிதம் எழுதினார். அந்த இளைஞரே பின்னாளில் ஜப்பானியச் சிறுகதையின் தலைமகனாக விளங்கினார்.

1914ஆம் ஆண்டில் சோசெக்கி எழுதிய ‘கொக்கோரோ’ என்னும் நாவலின் பெயருக்கு உள்ளம், கல்பு என்று பொருள். அதில் வரும் ஒரு மனிதர் எந்தப் பள்ளியிலும் ஆசிரியர் அல்லர். அவருக்கு உத்தியோகமே கிடையாது. இருந்தும் கதை சொல்லும் மாணவன் அவரைத் தொடக்கம் முதல் ‘சென்செய்’ என்றே அழைக்கிறான். நாம் ‘உஸ்தாது’ என்று சொல்லும்போது குரலில் வரும் அதே பணிவு அச்சொல்லில் இருக்கிறது. ஆசிரியர் என்னும் பெயரை நியமன உத்தரவு தருவதில்லை, மாணவனின் உள்ளமே தருகிறது என்பதை இதைவிட அழகாகக் காட்ட முடியாது.

பல்கலைக் கழகத்தை விட்டு வெளியேறியவரின் நூல்களே, காலப்போக்கில் உலகப் பல்கலைக் கழகங்களில் தற்கால ஜப்பானிய இலக்கியம் என்னும் துறையின் பாடநூல்களாயின. பட்டத்தை மறுத்தவரின் படத்தையே 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆயிரம் யென் தாளில் அரசாங்கம் அச்சிட்டது.

அந்தத் துறை அயல்நாட்டில் வேரூன்றிய வரலாறு இன்னும் சுவையானது. அமெரிக்காவின் நியூயார்க் நகரிலுள்ள கொலம்பியா பல்கலைக் கழகத்தில் சுனோதா ரியுசாக்கு (1877 - 1964) என்னும் ஜப்பானியர் இருந்தார். அங்கே ஜப்பானிய நூற்சேகரத்தை உருவாக்கியவர் அவரே. அவரையும் எல்லாரும் ‘சென்செய்’ என்றே அழைத்தனர். 1941ஆம் ஆண்டின் இலையுதிர் காலம். ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் பகை முற்றியிருந்த வேளை. ஜப்பானியச் சிந்தனை வரலாறு என்னும் சுனோதாவின் பாடத்திற்குப் பெயர் கொடுத்த மாணவர் ஒருவரே. டொனால்ட் கீன் என்னும் அந்த மாணவருக்கு அப்போது வயது 19. தம் ஒருவருக்காக முதியவர் பாடுபடுவதா என்று கூசி, பாடத்திலிருந்து விலகிக் கொள்கிறேன் என்றார் அவர். ஒருவர் இருந்தால் போதும் என்று சுனோதா விடையிறுத்தார்.

அவ்வாறு சொல்லிவிட்டு ஏனோதானோவென்று பாடம் நடத்தவில்லை. மாணவர் வருவதற்கு முன்பே கரும்பலகை முழுவதும் மேற்கோள்களை எழுதி நிரப்பி வைத்திருப்பார். ஐயம் எழுந்தால் காட்டுவதற்கென்று நூல்களைக் கட்டுக் கட்டாகச் சுமந்து வந்திருப்பார். அந்த ஒருவருக்காக! இதைக் கீன் தம் நினைவுக் குறிப்புகளில் நன்றியோடு எழுதியிருக்கிறார். அவ்வாண்டு டிசம்பரில் போர் மூண்டதும் சுனோதா பகை நாட்டவர் என்று தடுத்து வைக்கப்பட்டார். விசாரணைக்குப் பின் விடுதலை பெற்று மீண்டும் கற்பிக்க வந்தார்.

கீன் கடற்படையின் ஜப்பானிய மொழிப் பள்ளியில் சேர்ந்தார். போரில் அவருக்குக் கிடைத்த வேலை, மாண்ட ஜப்பானியப் போர்வீரர்களின் நாட்குறிப்புகளைப் படித்துப் பார்ப்பது. பசியையும் நோயையும் வீட்டு நினைவையும் அவ்வீரர்கள் அவற்றில் எழுதியிருந்தனர். போர் முடிந்தபின் இதைத் தம் குடும்பத்தாரிடம் சேர்க்குமாறு கடைசிப் பக்கத்தில் ஆங்கிலத்தில் வேண்டியிருந்தவர்களும் உண்டு. அவ்வேண்டுகோளை நிறைவேற்ற எண்ணி அவர் சிலவற்றை எடுத்து வைத்திருந்தார், அவையும் பறிமுதலாயின. பகைவன் என்று சொல்லப்பட்டவனின் எழுத்தைப் படித்து, அவனும் நம்மைப் போல் ஒரு தாயின் மகனே என்று உணர்ந்த அந்த வாலிபர், பிற்காலத்தில் ஜப்பானியரின் நாட்குறிப்பு இலக்கியம் பற்றியே பெருநூல் எழுதினார்.

1955ஆம் ஆண்டில் கீன் கொலம்பியாவில் ஆசிரியரானார். ஜப்பானிய இலக்கியத்தைப் போதிக்கும் பதவி கிடைத்துவிட்டது. மாணவர் கையில் கொடுக்கத் தேவையான நூல்கள் ஆங்கிலத்தில் இல்லை. நம் மதரஸாக்களின் பழைய முதர்ரிஸ்கள் மூல நூலுக்கு ஷரஹும், அதற்கு ஹாஷியாவும் தாமே எழுதி மாணவர் கையில் கொடுத்ததைப் போல, இவரும் பாடநூல்களைத் தாமே உண்டாக்க வேண்டியிருந்தது. 1956ஆம் ஆண்டில் தற்கால ஜப்பானிய இலக்கியத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். தஸாய் ஒஸாமுவின் நாவல்களையும் மிஷிமாவின் நாடகங்களையும் மொழிபெயர்த்தார். 1984ஆம் ஆண்டில் தற்கால ஜப்பானிய இலக்கிய வரலாற்றை இரு பெரும் தொகுதிகளாக நிறைவு செய்தார். கவாபாத்தா யாசுநாரி 1968ஆம் ஆண்டிலும் ஓயே கென்சாபுரோ 1994ஆம் ஆண்டிலும் நோபல் பரிசு பெற்றபோது உலகம் அவர்களை அறிந்து போற்றியதென்றால், இத்தகைய ஆசிரியர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் முன்னமே போட்டு வைத்த பாதை அதற்கு உதவியது.

இவ்விடத்தில் மார்க்கப் பற்றுள்ள வாசகர் ஒருவர் நியாயமாகவே ஒரு வினா எழுப்பலாம். அக்குத்தாகாவா 1927ஆம் ஆண்டிலும், தஸாய் 1948ஆம் ஆண்டிலும், மிஷிமா 1970ஆம் ஆண்டிலும் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டனர். இறைவன் தந்த உயிரைப் போக்கிக் கொள்வது நம் மார்க்கத்தில் பெரும் பாவம். அத்தகையோரின் எழுத்தைப் போதிக்கலாமா? நாம் சொல்லும் விடை இது: அறியாமைக் காலத்துக் கவிஞன் இம்ருவுல் கைஸின் கவிதையில் மதுவும் மாதரும் இருக்கத்தான் செய்கின்றன. இருந்தும் நம் ஆலிம்கள் அதை ஓதிக்கொடுத்தார்கள். திருமறையின் மொழியை உணர்வதற்கு அம்மொழியின் பழங்கவிதை தேவை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஆசிரியர் அருகில் இருந்து ஓதிக்கொடுப்பதன் அவசியமே இதுதான். தனியே படிக்கும் இளைஞன் மயங்கலாம், அல்லது வெறுத்து ஒதுக்கலாம். ஒருவனுடைய துயரத்தைப் புரிந்துகொள்வது வேறு, அவன் தேடிக்கொண்ட முடிவை ஏற்பது வேறு என்று பிரித்துக் காட்ட ஓர் ஆசிரியர் வேண்டும். மிஷிமா கீனின் நெருங்கிய நண்பர். அவருடைய கடைசிக் கடிதம் அவர் இறந்தபின்தான் கீனின் கைக்கு வந்தது. அந்தத் துயரத்தைத் தாங்கிக்கொண்டு, நண்பரின் எழுத்தில் நிறை எது, குறை எது என்று பின்னாளில் இலக்கிய வரலாற்றில் அவர் எழுத வேண்டியிருந்தது. வாழும் இலக்கியத்தைப் போதிப்பவருக்கு இதுவும் ஒரு சோதனை.

அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கொலம்பியாவில் போதித்த கீன், 2011ஆம் ஆண்டில் கடைசிப் பாடத்தை நடத்தினார். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் ஜப்பானைப் பெரும் நிலநடுக்கமும் கடற்பேரலையும் தாக்கின. அயல்நாட்டவர் பலர் அந்நாட்டை விட்டு வெளியேறிய நேரத்தில், 88 வயது முதியவரான இவர் அங்கே குடியேறப் போவதாக அறிவித்து, 2012ஆம் ஆண்டில் ஜப்பானியக் குடியுரிமை பெற்றார். 2019ஆம் ஆண்டில் தம் 96ஆம் வயதில் டோக்கியோவில் காலமானார். 1941ஆம் ஆண்டில் ஒரே மாணவருக்காக நிரப்பிய கரும்பலகையின் பலனை இப்போது கணக்கிட்டுப் பார்க்கட்டும், எண்ணிக்கை கேட்பவர்கள்!

எண்ணிக்கைக் கேள்வி ஜப்பானையும் விடவில்லை. 2015ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அந்நாட்டுக் கல்வி அமைச்சு தேசியப் பல்கலைக் கழகங்களுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பியது. மானிடவியல், சமூகவியல் சார்ந்த துறைகளையும் ஆசிரியப் பயிற்சித் துறைகளையும் நீக்கவோ, சமுதாயத் தேவை மிகுந்த துறைகளாக மாற்றவோ முயல வேண்டும் என்பது அதன் சாரம். அறிஞர்கள் கடுமையாக எதிர்த்தனர். அமைச்சு விளக்கம் கூற நேர்ந்தது. சமுதாயத்தின் தேவை என்பதை எந்த ஆண்டின் தேவையாகக் கொள்வது? 1941இல் அமெரிக்காவுக்கு ஜப்பானியச் சிந்தனை வரலாறு தேவை என்று யார் சொல்லியிருப்பார்?

நம் நிலை என்ன? நம் இல்லங்களின் பழைய அலமாரிகளில் பாட்டிமார் ஓதிய அரபுத் தமிழ்க் கிதாபுகள் இருக்கின்றன. அரபு எழுத்தில் தமிழை எழுதிய அந்நூல்களைத் தடையின்றி வாசிப்பவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர். அதை ஓதிக்கொடுக்கும் வகுப்பொன்றைத் தொடங்கலாம் என்று நாம் ஓரிடத்தில் சொன்னபோது, “ஹஜ்ரத், எத்தனை பிள்ளைகள் தேறும்?” என்றே கேட்டார்கள். இருவர் கிடைக்கலாம் என்றோம். பேச்சு அத்துடன் நின்றது.

பொதுப் பணம் அமானிதம். அதை வீணாக்கக் கூடாது என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. முன்னோர் விட்டுச் சென்ற கல்வியும் அமானிதம் அல்லவா? முதல் அமானிதத்திற்குக் கணக்கேடு இருக்கிறது. ஆண்டுதோறும் தணிக்கையும் நடக்கிறது. இரண்டாவதற்கு ஏடும் இல்லை, தணிக்கையும் இல்லை; ஆகவே அது தொலைவது எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. அதன் கணக்கைக் கேட்பவன் வேறொருவன் இருக்கிறான் என்ற அச்சம் நமக்கு வேண்டும்.

ஆகவே நிர்வாகப் பெருமக்களுக்கு நாம் கூறிக்கொள்வது: ஒரு பாடத்தை மூடுவதற்கு முன்பு, வருகிற பிள்ளைகளை எண்ணுவதோடு, அப்பாடத்தை அறிந்தவர் இன்னும் எத்தனை பேர் உயிரோடு இருக்கின்றனர் என்பதையும் எண்ணிப் பாருங்கள். பெற்றோர்க்கு நாம் கூறிக்கொள்வது: உங்கள் பிள்ளைகளுள் ஒருவனோ ஒருத்தியோ எவரும் நாடாத ஒரு கல்வியை நாடினால், அதனால் என்ன வருமானம் என்று முதல் நாளே கேட்டு அந்த ஆசையைக் கருக்கிவிடாதீர்கள். எம்மைப் போன்ற ஆசிரியர்களுக்கும் ஒரு சொல் உண்டு. கரும்பலகையை நிரப்பி வையுங்கள். வருபவர் ஒருவரானாலும், நூறு பேருக்கு ஓதிக்கொடுக்கும் அதே ஆயத்தத்துடன் அவருக்கு ஓதிக்கொடுங்கள். மற்றது அல்லாஹ்வின் நாட்டம்.